மோட்டர் சொக் அடிக்கிறது, பியூஸ் ஏன் போகவில்லை?

புதுக்குடியிருப்புப் பக்கத்துக் கிணற்றடிகளில் அடிக்கடி கேட்கிற முறைப்பாடு இது. தண்ணீர் மோட்டரின் இரும்பு உடம்பில் கை பட்டால் சுள்ளென்று இழுக்கிறது. ஆனால் மோட்டர் ஓடுகிறது, தாங்கிக்குத் தண்ணீர் ஏறுகிறது, வீட்டில் விளக்கு எரிகிறது, பியூஸ் போகவில்லை. "பிழை ஏதும் எண்டா பியூஸ் போயிருக்கும்தானே தம்பி" என்பது வீட்டுக்காரரின் நியாயம். ஆகவே செருப்புப் போடாமல் கிணற்றடிக்குப் போகாதே, சுவிட்சைக் காய்ந்த தடியால் தட்டு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்துவிட்டு மோட்டரை அப்படியே பாவிக்கிறார்கள்.

நியாயம் கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. பிழை வந்தால் பியூஸ் போகும் என்றுதான் பள்ளிக்கூடத்திலும் படித்தோம். அது எந்தப் பிழைக்கு, எந்த மண்ணில் என்பதைத்தான் யாரும் சொல்லித் தரவில்லை.

பியூஸ் காப்பது வயரை

பழைய பீங்கான் பியூசாக இருந்தாலும் இப்போதைய எம்.சி.பி.யாக இருந்தாலும் அதன் வேலை ஒன்றுதான்: சுவருக்குள் ஓடும் வயர் சூடேறித் தீப்பிடிக்காமல் பார்ப்பது. செருகிகளுக்கு ஓட்டும் 7/0.67 வயரை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு இழைகள், ஒவ்வொன்றும் 0.67 மில்லிமீற்றர் தடிப்பு, எல்லாம் சேர்ந்து இரண்டரைச் சதுர மில்லிமீற்றர் செம்பு. குழாய்க்குள் கிடக்கும்போது அது ஏறத்தாழ 20 அம்பியரைத் தாங்கும். அதற்கு மேல் போனால் பிளாஸ்டிக் உறை இளகத் தொடங்கும். அதனால்தான் அதன் தலைமாட்டில் 16 அல்லது 20 அம்பியர் எம்.சி.பி. இருக்கிறது. விளக்குகளுக்கு ஓடும் 1/1.13 வயர் மெல்லியது. அதற்கு 6 அம்பியர்.

மனித உடம்புக்கு அளவுகோலே வேறு. அம்பியரின் ஆயிரத்தில் ஒரு பங்கை மில்லி அம்பியர் என்கிறோம். அமெரிக்காவின் பேர்க்லியில் இருந்த பேராசிரியர் சார்ள்ஸ் டால்சியல், கையில் பிடித்த மின்கம்பியைத் தாமாக விட முடிகிற உச்ச அளவு எவ்வளவு என்று தொண்டர்களை வைத்து அளந்து பார்த்தார். ஆண்களுக்குச் சராசரி 16 மில்லி அம்பியர், பெண்களுக்கு 10.5. அதைத் தாண்டினால் மூளை என்ன கட்டளை இட்டாலும் கை திறக்காது. விரல்களை மடக்கும் தசைகள் விரிக்கும் தசைகளை விடப் பலமானவை. பழைய வயர்மன்மார் சந்தேகமான இரும்பைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பதற்குக் காரணம் இதுதான்: தசை இழுத்தால் கை இரும்பை விட்டு விலகுமே தவிர அதைப் பற்றாது. காரணம் சரி, ஆனால் வழக்கம் ஆபத்தானது. ஈரத் தரையில் நிற்கிறவருக்குப் புறங்கை என்ன, உள்ளங்கை என்ன.

ஒரு விநாடி நேரம் 30 மில்லி அம்பியரைத் தாண்டி நெஞ்சுக்கு ஊடாக ஓடினால் இதயம் தாளம் கெட்டுத் துடிக்கும் ஆபத்து தொடங்குகிறது. 16 அம்பியர் எம்.சி.பி. விழுவதற்கு அதைப்போல ஐந்நூறு மடங்குக்கு மேல் வேண்டும். ஆளைக் காக்கும் பொறுப்பை நாங்கள் பியூசிடம் எதிர்பார்க்கிறோம்; அது அந்த வேலைக்குச் செய்யப்பட்டதே இல்லை.

இரண்டு கம்பி வீடுகள்

வன்னிப் பெருநிலத்துக்குப் பொதுக் கம்பி வழியாக மின்சாரம் மீண்டும் வந்து இன்னும் ஒரு தலைமுறை ஆகவில்லை. 1990க்குப் பின் இரண்டு பத்தாண்டுகள் இங்கே இருந்தது மண்ணெண்ணெய் விளக்கும் சைக்கிள் டைனமோவும், வசதி இருந்தவர்களுக்கு ஜெனரேட்டரும்தான். டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட பிள்ளைகள் வயர் முனையைப் பல்லால் உரித்தார்கள், முறுக்கி ஒட்டினார்கள், வெறுங்கையால் தொட்டார்கள். 6 வோல்ட்டும் 12 வோல்ட்டும் யாரையும் அடிக்காது. அந்தக் கைப்பழக்கம் 230 வோல்ட் வந்த பிறகும் போகவில்லை என்பது என் எண்ணம்.

2009இல் போரில் புதுக்குடியிருப்பு முழுவதும் இடிந்தது. மீள்குடியேற்றத்தின் பின் வீடுகள் கட்டங்கட்டமாக எழுந்தன. இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா. கட்டுவது உரிமையாளர் பொறுப்பு. பல குடும்பங்களுக்கு அந்தப் பணம் சுவருக்கும் கூரைக்குமே போதாமல் கடன் பட நேர்ந்தது. அப்படியான வீட்டில் வயறிங் என்பது கடைசியில், பூச்சுக்கு மேல் பிளாஸ்டிக் கேசிங்கில், மிஞ்சிய காசில் நடக்கிற வேலை.

மிஞ்சிய காசில் முதலில் வெட்டப்படுவது மூன்றாவது கம்பி. உயிர்க்கம்பி இல்லாமல் விளக்கு எரியாது. வயர்மன்மார் அதை லைன் என்பார்கள். நொதுமல் கம்பி, அதாவது நியூட்ரல், இல்லாமலும் எரியாது. புவிக்கம்பி இல்லாமல் எல்லாம் எரியும், எல்லாம் ஓடும். மோட்டருக்கு இரண்டிழை வயர் ஓட்டி, அதன் நுனியில் இரண்டு ஊசிப் பிளக்கைப் பூட்டி, மூன்று துளைக் குதையில் செருகுவார்கள். குதையின் மேல்துளை திறக்காமல் கீழ்த்துளைகளின் மூடி விலகாது. ஆகவே அந்த மேல்துளைக்குள் ஓர் ஈர்க்கையோ பேனை மூடியையோ குத்தி அழுத்திக்கொண்டு பிளக்கைத் தள்ளுவார்கள். புவிக்கம்பி வந்து சேர வேண்டிய துளையில் ஈர்க்கு நிற்கிறது.

மண்ணுக்குள் போய்த் திரும்பும் மின்சாரம்

இனிக் கணக்குக்கு வருவோம். சமன்பாடு தேவையில்லை, வகுத்தல் தெரிந்தால் போதும்.

மின்சாரம் எங்கிருந்து புறப்பட்டதோ அங்கே திரும்பிப் போய்ச் சேர வேண்டும். வீட்டுக்குக் கறண்ட் தருவது ஒழுங்கை முனைத் தூணில் உள்ள நிலைமாற்றி. ஊரில் அதை டிரான்ஸ்போமர் என்போம். அதிலிருந்து வீட்டுக்கு வருவது இரண்டு கம்பிகள் மட்டுமே. புவிக்கம்பியை மின்சார சபை தருவதில்லை. அதை எங்கள் முற்றத்து மண்ணில் நாங்களேதான் அடித்துக்கொள்கிறோம். நிலைமாற்றியின் நொதுமலும் தூணடியில் மண்ணோடு இணைக்கப்பட்டிருக்கிறது. அவர்களுடைய மண் ஒன்று, எங்களுடைய மண் ஒன்று. இரண்டுக்கும் நடுவே ஒழுங்கை நிலம். இதை இருபுவி முறை என்று வைத்துக்கொள்வோம்.

மோட்டர்ச் சுருளின் காப்பு ஈரத்தில் பழுதாகி உயிர்க்கம்பி இரும்புடம்பைத் தொட்டுவிட்டது. புவிக்கம்பி ஒழுங்காகப் பூட்டியிருக்கிறது. மின்சாரம் இரும்பிலிருந்து புவிக்கம்பிக்கு, கம்பியிலிருந்து முற்றத்துத் தண்டுக்கு, தண்டிலிருந்து மண்ணுக்கு, மண் வழியாகத் தூணடிக்கு, அங்கிருந்து நிலைமாற்றிக்கு என்று போகும். வழியில் அதை மறிக்கும் தன்மையைத் தடை என்கிறோம், அளவு ஓம். முற்றத்துத் தண்டைச் சுற்றிய மண்ணின் தடை 40 ஓம் என்றும், தூணடியில் 10 ஓம் என்றும் எடுப்போம். மொத்தம் 50. 230 வோல்ட்டை 50ஆல் வகுத்தால் 4.6 அம்பியர்.

16 அம்பியர் எம்.சி.பி.க்கு 4.6 என்பது ஒரு சின்னச் சுமை. மோட்டர் தன் பங்குக்கு இழுக்கும் நாலைந்து அம்பியரைச் சேர்த்தாலும் 10ஐத் தாண்டாது. இரவு முழுக்க நின்றாலும் எம்.சி.பி. விழாது. மின்மானி மட்டும் அறியும்: இந்தக் கசிவு மணிக்கு ஏறத்தாழ ஒரு அலகு. காரணமில்லாமல் பில் ஏறினால் மோட்டர்ப் பக்கமும் ஒருமுறை பார்ப்பது நல்லது.

மோட்டர் உடம்பில் எவ்வளவு அழுத்தம் நிற்கிறது? 230 வோல்ட்டை இரண்டு மண்களும் தங்கள் தடைக்கு ஏற்பப் பங்கிடுகின்றன. முற்றத்துப் பங்கு 4.6ஐ 40ஆல் பெருக்கினால் வருவது: 184 வோல்ட். நனைந்த சீமெந்துக் கட்டில் வெறுங்காலோடு நிற்கும் ஒருவரின் உடம்பும் காலடி மண்ணும் சேர்ந்து 1,500 ஓம் என்றால், மோட்டரைத் தொட்ட கணத்தில் அவருக்கு ஊடாக 120 மில்லி அம்பியருக்கு மேல் ஓடும். டால்சியலின் அளவைப்போல ஏழெட்டு மடங்கு.

இது முழுப் பழுது. அதற்கு முந்திய கட்டத்தில் காப்பு அரைகுறையாகக் கசியும்போதுதான் "சுள்ளெண்டுது, ஆனா பரவாயில்ல" என்கிற சொக். அந்தச் சுள்ளிலிருந்து 120 மில்லி அம்பியருக்கு எப்போது தாவும் என்று மோட்டர் முன்கூட்டிச் சொல்லாது.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், இந்தக் கணக்கில் புவிக்கம்பி இருந்தது, ஒழுங்காகவும் இருந்தது. அப்படியிருந்தும் எம்.சி.பி. விழவில்லை, இரும்பில் 184 வோல்ட் நின்றது. பிரித்தானிய நகரங்கள் பலவற்றில் புவித்தொடர்பை மின்சாரக் கேபிளின் உலோகமே வீடு வரை கொண்டுவந்து தரும். அங்கே இதே பழுதில் நூற்றுக்கணக்கான அம்பியர் பாய்ந்து பியூஸ் அந்தக் கணமே போய்விடும். பிழை என்றால் பியூஸ் போகும் என்ற பாடம் அந்த நிலத்தில் உண்மை. எங்கள் வயறிங் விதிகள் அங்கிருந்து வந்தவை, மண் எங்களுடையது.

வாழையடியும் சோளகக் காற்றும்

40 ஓம் என்பதும் நிலையான எண் இல்லை. மண்ணில் மின்சாரத்தைக் கடத்துவது மணல் அல்ல, மணல்களுக்கிடையே உள்ள ஈரமும் அதில் கரைந்த உப்பும். கார்த்திகை மழையில் 40 ஓம் காட்டும் தண்டு, ஆடி ஆவணியில் சோளகம் வீசி நிலம் காய்ந்து வெடிக்கும்போது அதைப்போலச் சில மடங்கு காட்டலாம். முல்லைத்தீவுப் பக்கத்து மணலிலும் சிவப்பு மண்ணிலும் தண்ணீர் கீழே ஓடிவிடும். மேல் நாலடி சீக்கிரம் காயும். தண்டின் நீளமும் வழக்கத்தில் அதே நாலடிதான்.

ஆகவே இடம் முக்கியம். குளியலறைத் தண்ணீர் ஓடி வாழை நிற்கிற மூலை வருடம் முழுக்க ஈரமாக இருக்கும். தண்டுக்கு அதைவிட நல்ல இடம் வளவில் கிடைக்காது. ஒன்று போதாவிட்டால் இன்னொரு தண்டை அடித்து இரண்டையும் இணைக்கலாம், ஆனால் ஒன்றுக்கொன்று குறைந்தது ஒரு தண்டு நீளமாவது தள்ளி இருக்க வேண்டும். நெருக்கி அடித்தால் இரண்டும் ஒரே மண்ணைத்தான் பங்கிடும். குழியில் உப்பும் கரியும் போடுவது பழைய முறை. ஒரு மாரியில் உப்புக் கரைந்துபோகும், போகிற போக்கில் கிளாம்பையும் அரித்துவிட்டுப் போகும்.

இந்த ஊருக்கென்று இன்னொரு கவனம் உண்டு, வேறெந்த வயறிங் நூலிலும் இருக்காது. கண்ணிவெடி அகற்றிய நிலத்திலும் ஆழத்தில் வெடிக்காத எறிகணை கிடக்கலாம். சுத்தியலால் அடிக்கும் தண்டு இரும்பில் முட்டுவதுபோல நின்றால், வலிந்து அடிக்காமல் வேலையை நிறுத்திப் பொலிசுக்கு அறிவிக்க வேண்டும்.

செய்யவே கூடாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தண்டு அடிக்கச் சோம்பற்பட்டு, குதைக்குள்ளேயே நொதுமலிலிருந்து ஒரு துண்டு வயரைப் புவி முனைக்குக் கொடுத்துவிடுவது. சோதித்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றும். வீட்டுக்கு வரும் நொதுமல் கம்பி காற்றில் ஒருநாள் அறுந்தால், ஏதாவது ஒரு சுவிட்ச் போட்டிருக்கும்வரை மோட்டர், குளிர்சாதனப் பெட்டி, மின்னழுத்தி எல்லாவற்றின் இரும்பிலும் 230 வோல்ட் ஏறும்.

ட்ரிப் சுவிட்ச் எண்ணுவது எதை

எம்.சி.பி. விழாத இடத்தில் விழுவதற்கென்றே செய்தது மீதியோட்டச் சுற்றுடைப்பான், ஊர்ப் பேச்சில் ட்ரிப் சுவிட்ச். பள்ளிச் சுற்றுலா பஸ்ஸில் ஆசிரியர் பிள்ளைகளைத் தலை எண்ணுவதுபோல அது வேலை செய்கிறது. போனது ஐம்பது பேரா ஐந்து பேரா என்பது அவருக்குப் பொருட்டில்லை. போன எண்ணிக்கை திரும்பிவராவிட்டால்தான் பஸ்ஸை நிறுத்துவார்.

உள்ளே ஓர் இரும்பு வளையம். வீட்டின் உயிர்க்கம்பியும் நொதுமல் கம்பியும் சேர்ந்து அதற்கு ஊடாகப் போகின்றன. போகும் ஓட்டமும் வரும் ஓட்டமும் சமமாக இருக்கும்வரை ஒன்றின் காந்தப்புலத்தை மற்றது அழித்துவிடும். வளையத்துக்கு எதுவும் தெரியாது. மோட்டர் உடம்பு வழியாகக் கொஞ்சம் மண்ணுக்குப் போய்விட்டால் வரவு குறையும், வளையத்தில் காந்தம் எழும், அதைச் சுற்றிய மெல்லிய சுருள் கொக்கியை விடுவிக்கும், உயிர்க்கம்பி நொதுமல் இரண்டும் ஒன்றாகத் துண்டாகும். வீடுகளுக்குரியது 30 மில்லி அம்பியர் வித்தியாசத்தில் விழ வேண்டும்.

எங்கள் கிணற்றடிக் கணக்கில் கசிந்தது 4.6 அம்பியர், அதாவது 30 மில்லி அம்பியரைப்போல 150 மடங்கு. ஒரு விநாடியின் இருபத்தைந்தில் ஒரு பங்குக்குள் விழுந்துவிடும். ஆவணி வறட்சியில் தண்டு 500 ஓம் ஆகிவிட்டது என்று வையுங்கள். அப்போதும் 450 மில்லி அம்பியர் கசியும், அப்போதும் விழும். எம்.சி.பி.யோடு சேர்ந்தபோது கைகொடுக்காத அதே தண்டு, ட்ரிப் சுவிட்சோடு சேர்ந்ததும் ஆளைக் காப்பாற்றுகிறது. இருபுவி முறையில் இவை சோடி. ஒன்றை விட்டு ஒன்றைப் பூட்டினால் பாதி வேலைதான். தண்டு இல்லாமல் ட்ரிப் சுவிட்ச் மட்டும் இருந்தால், முதன்முதலாக மோட்டரைத் தொடுகிறவரின் உடம்புதான் கசிவுக்கு வழி. அவருக்கு சொக் அடித்த பிறகே அது விழும்.

அதன் முகப்பில் ஒரு சிறிய பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அதை அமத்திப் பார்ப்பது நல்லது. நெடுநாள் அசையாத கொக்கி இறுகிப்போகும். ஆனால் அந்தப் பொத்தான் பெட்டிக்குள்ளேயே ஒரு செயற்கைக் கசிவை உண்டாக்குகிறது, அவ்வளவுதான். முற்றத்துத் தண்டு கறள் பிடித்துக் கழன்று கிடந்தாலும் பொத்தானை அமத்தினால் ட்ரிப் சுவிட்ச் விழும். "அமத்தினா விழுது, அப்ப ஏர்த் நல்லாயிருக்கு" என்பது தவறான முடிவு. உயிர்க்கம்பியை ஒரு கையாலும் நொதுமலை மறுகையாலும் பிடித்தவரையும் இது காப்பாற்றாது. போனதும் வந்ததும் அங்கே சமம்.

மாரியில் விழுந்தால்

ஐப்பசி, கார்த்திகையில் ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழும் வீடுகள் நிறைய. வயர்மன் வருவார், அதைச் சுற்றி இரண்டு துண்டு வயர் போட்டு நேரே கொடுத்துவிட்டுப் போவார். விளக்கு நின்று எரியும். பிழை போனதாக எல்லாரும் நிம்மதியாகப் படுப்பார்கள். பிழை போகவில்லை, அதை அறிவித்த ஆள்தான் போய்விட்டார்.

தேடும் முறை கடினமில்லை. எல்லாப் பிளக்குகளையும் கழற்றி, எல்லா எம்.சி.பி.களையும் இறக்கி, ட்ரிப் சுவிட்சை ஏற்றி, பிறகு ஒவ்வொரு எம்.சி.பி.யாக ஏற்ற வேண்டும். எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்தச் சுற்றில் ஈரம். பெரும்பாலும் கேற்றடி விளக்கின் ஹோல்டர், மோட்டரின் வயர் ஒட்டு, அல்லது தாழ்வாரத்துச் சுவிட்சுக்குள் கூடுகட்டிய எறும்பு. இடிமின்னலோடு மட்டும் விழுந்து, ஏற்றினால் நிற்கிறதென்றால் அது கம்பியில் வந்த கணநேர அதிர்ச்சி, பயப்படத் தேவையில்லை.

சில வீடுகளில் எல்லா எம்.சி.பி.யும் இறங்கியிருக்க, ட்ரிப் சுவிட்ச் அப்போதும் விழும். ட்ரிப் சுவிட்ச் பழுது என்று முடிவு கட்டிவிடுவார்கள். ஆனால் சாதாரண எம்.சி.பி. உயிர்க்கம்பியை மட்டுமே வெட்டுகிறது. நொதுமல் கம்பிகள் எல்லாம் ஒரு செம்புப் பட்டையில் சேர்ந்து, எப்போதும் இணைந்தபடியே கிடக்கும். ஏதோ ஓர் ஈரப் பெட்டிக்குள் நொதுமல் மண்ணைத் தொட்டுக்கொண்டிருந்தால், எம்.சி.பி. இறங்கினாலும் அந்தத் தொடர்பு போகாது. நொதுமல்களை ஒவ்வொன்றாகப் பட்டையிலிருந்து கழற்றித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கழற்றுவதா? அதற்கு முதலில் தனிப்படுத்த வேண்டும்.

நிற்பாட்டியது வேறு, தனிப்படுத்தியது வேறு

சுவரிலுள்ள சுவிட்ச், பாடப்புத்தகத்து ஆளி, ஒரு கம்பியை மட்டும் வெட்டுகிறது. அது உயிர்க்கம்பியாக இருக்க வேண்டும் என்பது விதி. வயர்மன் மாறி நொதுமலில் பூட்டியிருந்தால் விளக்கு அணையும், ஹோல்டரில் 230 வோல்ட் அப்படியே இருக்கும். சுவிட்சை நிற்பாட்டிய பிறகும் எல்.ஈ.டி. விளக்கு இருட்டில் மெல்ல மினுங்கும் வீடுகளில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். எல்லா மினுக்கத்துக்கும் இதுவே காரணமில்லை. பக்கம் பக்கமாக ஓடும் நீண்ட வயர்களாலும் அது வரும்.

தனிப்படுத்தல் என்பது, வேலை செய்யும் சுற்றை மின்சாரம் வரக்கூடிய எல்லா வழிகளிலிருந்தும் பிரித்து, வேறு யாரும் அறியாமல் திரும்ப இணைக்க முடியாதபடி வைப்பது. அந்தக் கடைசிப் பகுதியைத்தான் வீடுகளில் மறக்கிறார்கள். வயர்மன் கிணற்றடியில் மோட்டரைத் திறந்து வைத்திருக்கிறார். உள்ளே "என்ன, ஃபான் நிண்டுட்டுது" என்று யாரோ எழும்பி வந்து கண்ணில் பட்ட எம்.சி.பி.யை ஏற்றுகிறார். பீங்கான் பியூஸ் காலத்து வயர்மன்மார் பியூஸ் பிடியைக் கழற்றித் தங்கள் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் ஏணியில் ஏறுவார்கள். சாவி அவர்களிடமே இருந்ததால் யாரும் கறண்ட் போட முடியாது. எம்.சி.பி. வந்த பிறகு அந்த நல்ல பழக்கம் போய்விட்டது. அதற்கென விற்கும் சிறு பூட்டு கிடைக்காவிட்டால், பெட்டியை மூடி ரேப் ஒட்டி, "வேலை நடக்கிறது, போடாதீர்கள்" என்று எழுதிவைப்பதாவது வேண்டும்.

ஏன் எம்.சி.பி. போதாது, மெயின் சுவிட்ச் வேண்டும்? பழைய வீடுகளில் ஓர் அறையின் விளக்குக்கு நொதுமலைப் பக்கத்து அறைச் சுற்றிலிருந்து இரவல் எடுத்திருப்பார்கள். மோட்டர்ச் சுற்றின் எம்.சி.பி.யை இறக்கிவிட்டு, அதன் நொதுமல் ஒட்டை வயர்மன் பிரிக்கிறார். அந்த ஒட்டில் வேறொரு சுற்றின் விளக்கும் தொங்கிக்கொண்டிருந்தால், பிரித்த அந்தக் கணமே விளக்கு அணையும். விளக்கின் இழை வழியாக வந்த 230 வோல்ட் அவர் கையிலுள்ள நொதுமல் நுனியில் நிற்கும். மெயின் சுவிட்ச், அதாவது தனிப்படுத்தி, உயிர்க்கம்பியையும் நொதுமலையும் ஒருசேர வெட்டும். அதை இறக்கினால் இந்த ஆபத்து இல்லை.

இறக்கியபின் சோதிக்க வேண்டும். சட்டைப் பையில் செருகியிருக்கும் நியோன் டெஸ்டர் இதற்குப் போதாது. அது தொடுகிறவரின் உடம்பு வழியாக மண்ணுக்குப் போகும் நுண்ணிய ஓட்டத்தால் எரிவது. பிளாஸ்டிக் கதிரையில் ஏறி நின்றாலோ நல்ல வெயில் வெளிச்சத்திலோ கம்பியில் மின் இருந்தும் எரியாததுபோலத் தோன்றும். மல்ரிமீற்றரால் உயிர்–நொதுமல், உயிர்–புவி, நொதுமல்–புவி என்று மூன்று சோடிகளையும் பார்க்க வேண்டும். அதற்கு முன்னும் பின்னும் மீற்றரை மின் உள்ளதென்று தெரிந்த ஓரிடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மீற்றரே செத்துப்போயிருந்தால் எல்லாக் கம்பியும் செத்ததாகத்தான் காட்டும்.

இரண்டு பக்கமும் ஊசி

2022 பங்குனி இறுதியில் நாடு முழுவதும் நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு நடந்தது. வசதியுள்ளவர்கள் சிறிய பெற்றோல் ஜெனரேட்டர் வாங்கினார்கள். அதை வீட்டோடு இணைக்கும் குறுக்கு வழி, இரண்டு நுனியிலும் பிளக் பூட்டிய ஒரு வயர்: ஒன்று ஜெனரேட்டரில், மற்றது சுவர்க் குதையில். வீடு முழுக்க வெளிச்சம் வரும். மெயின் சுவிட்சை இறக்க மறந்தால் அந்த மின்சாரம் படலையைத் தாண்டித் தூணுக்கும் போகும்.

நிலைமாற்றிக்கு முன்பக்கம் பின்பக்கம் என்ற பேதமில்லை. 33,000 வோல்ட்டை 400 ஆக்குகிற அதே சுருள், கீழிருந்து 230 கொடுத்தால் மேற்கம்பியில் ஆயிரக்கணக்கான வோல்ட்டை ஏற்றும். அயல்வீடுகளின் சுமை சிறிய ஜெனரேட்டரை உடனே மூச்சுத்திணற வைத்து நிறுத்திவிடுவதுண்டு. ஆனால் கம்பி அந்த ஒழுங்கை முனையிலேயே அறுந்து கிடந்து, அதைக் கட்ட ஆள் தூணில் ஏறியிருக்கும்போது சுமையும் இருக்காது, நிறுத்தவும் எதுவுமில்லை. சபையின் ஆட்கள் கம்பியைத் தொடுமுன் அதை மண்ணோடு சேர்த்துக் கட்டிவிடுவது இப்படியான வீடுகளை மனதில் வைத்துத்தான்.

இதற்குத் தீர்வு மாற்றுச்சுவிட்ச், கடையில் சேன்ஜ் ஓவர். மேலே சபை, நடுவில் ஒன்றுமில்லை, கீழே ஜெனரேட்டர். கைப்பிடி ஒன்றே என்பதால் இரண்டும் ஒருநாளும் சந்திக்காது. உயிர்க்கம்பி, நொதுமல் இரண்டையும் வெட்டும் இரட்டை வெட்டு உள்ளதாகக் கேட்டு வாங்க வேண்டும்.

மீற்றருக்கும் மெயின் சுவிட்சுக்கும் இடையில்

கடைசியாக, எந்த வீட்டுக்காரராலும் தனிப்படுத்த முடியாத ஒரு துண்டு வயர். மீற்றரிலிருந்து மெயின் சுவிட்சின் மேல்முனைக்கு வருவது. மெயின் சுவிட்சை இறக்கினாலும் அதன் மேல்முனைகளில் கறண்ட் எப்போதும் இருக்கும். மீற்றர்ப் பலகை மரமாக இருந்தால் வன்னியில் கறையான் விடாது. பலகை சரிய, ஆணி தளர, முனைத் திருகு இளகும். இளகிய திருகு சூடாகி மெயின் சுவிட்ச் கருகும். அதை மாற்ற வேண்டுமானால் சபைக்கு அறிவித்து, ஆள் வந்து மின்னை நிறுத்தி, முத்திரையை அவர்களே திறந்து கொடுக்க வேண்டும். ஒரு நாள் வேலை கெடும், சிலவேளை இரண்டு நாள். அதற்குப் பொறுமையில்லாமல் வயர்மனும் வீட்டுக்காரருமாகச் சேர்ந்து, மின் உள்ளபடியே மேல்முனையைக் கழற்றுவதுண்டு. அந்தக் கம்பிக்கு முன்னால் காவலுக்கு இருப்பது 30 அம்பியர் வரை அசையாத சபையின் உடைப்பான் மட்டுமே. வீட்டின் ட்ரிப் சுவிட்ச் அதற்குப் பின்னால்தான் தொடங்குகிறது.